தமயந்தி ருசி பார்க்காத பஞ்சாமிர்தம்

பழனி அடிவாரத்தில் தமயந்தி வீட்டுப் பஞ்சாமிர்தம் அவள் நாக்கைத் தாண்டாமல் டப்பாவுக்குள் போனதே கிடையாது. மலைவாழைப்பழம் பிசைவது, சர்க்கரை சேர்ப்பது எல்லாம் புருஷன் செந்தில்வேலின் வேலை. கடைசியில் விரலால் தொட்டு நாக்கில் வைத்து "ம்" என்று சொல்வது அவள். அந்த "ம்" வராமல் அண்டா நகராது. அப்படியொரு பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தில்தான் அவர்கள் கடையே நிலைத்து நின்றது.

ஐப்பசி மழையில் அவளுக்கு வலப்பக்கத் தாடையில் வலி கண்டது. சாதாரண வலியா அது! பல் தேய்த்தால் போதும், ஒரு வாய் சோறு வைத்தால் போதும், மலைக்காற்று கன்னத்தில் பட்டால்கூடப் போதும், கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்று இழுக்கும். சில நொடிதான். விட்டு, மறுபடி வரும்.

"காலமெல்லாம் இனிப்ப நக்குனா பல்லு சொத்தையாகாம என்ன செய்யும்?" என்றாள் எதிர்க்கடைப் பூக்காரி சின்னத்தாயி. தெருவே ஆமாம் போட்டது. தமயந்தியும் நம்பி ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பல் போனது, வலி போகவில்லை. அடுத்த பல்லையும் பிடுங்கிவிடலாம் என்று வேறொரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தாள்.

அங்கிருந்த ரோகிணி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "பல்லெல்லாம் நல்லா இருக்கும்மா. நான் எதைப் பிடுங்க? இது முகத்து நரம்பு வலி" என்று மதுரைக்கு அனுப்பினார். மூளைக்குப் பக்கத்தில் அந்த நரம்பு கிளம்புகிற இடத்தை ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், தானாக நிறுத்தவே கூடாது, மாத்திரை கேட்காவிட்டால் ஆபரேஷன் என்றார்கள்.

மாத்திரை போட்டதும் முதலில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனாலும் ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டவள் இல்லை. வலி மெல்ல விலகியது, பயம்தான் விலகவில்லை. இனிப்புத் தொட்ட விரலை வாயருகே கொண்டுபோய், அப்படியே துடைத்துவிடுவாள்.

ருசி பார்ப்பது செந்தில்வேல் தலையில் விழுந்தது. அந்த மனுஷனுக்கு எல்லா அண்டாவும் "நல்லாத்தான் இருக்கு". வழக்கமாக வாங்குகிறவர்கள் பக்கத்துக் கடைக்கு நகர ஆரம்பித்தார்கள். தைப்பூசம் வேறு நெருங்கிவிட்டது. பூசத்தில் பெயர் கெட்டால் அப்புறம் அந்தக் கடையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பாதயாத்திரைக் கூட்டம் ஊருக்குள் நுழைந்த அன்று, தமயந்தி வெள்ளனே எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு அண்டா முன்னால் வந்து நின்றாள்.

"வேணாம் புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்றான் செந்தில்வேல்.

"நீங்க பாத்த லட்சணந்தான் தெரியுதே."

விரலால் தொட்டு, கண்ணை இறுக மூடி, வலித்த பக்கமாகவே வாயில் வைத்தாள். அவன் மூச்சுக்கூட விடாமல் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் இழுக்கவில்லை. அவள் மெதுவாக நாக்கைச் சுழற்றினாள். பிறகு கண்ணைத் திறந்து முறைத்தாள்.

"தேன் பத்தல. இத்தன நாளா இதையா ஊருக்குக் குடுத்தீங்க?"

திட்டு வாங்கிய சந்தோஷத்தில் செந்தில்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே தேனெடுக்க ஓடினான்.