பெட்டியின் முகப்பில் பிரபாவதி

"ஆம்ப் கரகரங்குது. வால்யூம கொறச்சாலும் போவல. இது மேடைக்கு ஆவாது."

திருத்தணி மெல்லிசைக் குழுவின் கிதார்காரன் திலீப் இதை, அந்த ஒலிபெருக்கிப் பெட்டியைச் செய்த பிரபாவதியிடம் தனியாகச் சொல்லியிருந்தால் அவள் இவ்வளவு கொதித்திருக்க மாட்டாள். பாடகர் முதல் பந்தல்காரர் வரை இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுவிட்டான். அதற்குக் கீழே குழுவின் முதலாளி கஜபதி, "உடு திலீப்பு. சென்னையிலேர்ந்து கம்பெனி ஆம்ப் எட்துக்கலாம். பாவம், வூட்டுப் பொம்பள, அவங்களும் எவ்ளோதான் செய்வாங்க" என்று பரிந்து பேசியிருந்தார். அந்தப் 'பாவம்'தான் அவளை எரியவைத்தது.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் அவள். பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டும் மணவாளனுக்கு வாழ்க்கைப்பட்டு, தறிக்கூடத்து மூலையிலேயே மேசை போட்டுக்கொண்டாள். மிக்சர், மைக் செட் என்று பழுதான எதையும் விடமாட்டாள். வருகிறவர்களோ, "வூட்ல ஆம்பள இல்லீங்களா?" என்று கேட்டு, சால்டரிங் அயர்னின் எந்தப் பக்கம் சுடும் என்றுகூடத் தெரியாத மணவாளன் கையில் செட்டைக் கொடுத்து விளக்குவார்கள். என்ன அநியாயம் பாருங்கள். அதனால்தான், முதன்முதலாகத் தானே சர்க்யூட் போட்டுச் செய்த கிதார் ஆம்ப்பின் முகப்பில் மஞ்சள் பெயிண்டில் 'பிரபாவதி' என்று பெரிதாக எழுதி, வாசித்துப் பார்க்கத் திலீப்பிடம் கொடுத்திருந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்து மேடையில் அந்தப் பெட்டி உட்கார்ந்தால் ஊரே அந்தப் பெயரைப் பார்க்கும். திரும்பி வந்துவிட்டால் கடைசிவரை அவள் மணவாளன் சம்சாரம்தான்.

திருத்தணியிலிருந்து பெட்டியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து, தறிகளுக்கு நடுவே தன் மேசையில் வைத்து, சோதனைக்கு வைத்திருக்கும் பழைய கிதாரைச் செருகி மெதுவாக மீட்டிப் பார்த்தாள். சுத்தமாகக் கேட்டது. உடனே திலீப்புக்குப் போன் போட்டாள்.

"ஏம்ப்பா, நீ கிதார் வாசிக்கறியா, துணி தொவைக்கறியா? இங்க நல்லாதான் பாடுது."

"வால்யூம கொறச்சாலும் கரகரப்பு போவலக்கா. அதான் சொல்றேன்."

"உன் கை சரியில்ல" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவன் சொன்னதிலேயே விஷயம் இருந்தது. கோபம் காதை அடைத்துவிட்டது.

ஆனி அமாவாசை வந்தது. அமாவாசையன்று பேட்டையில் தறி ஓடாது. அவளும் அன்று மேசைப் பக்கம் போகமாட்டாள். ஆனால் அந்த வாய்ஸ் மெசேஜ் உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. படையல் முடிந்த கையோடு ஆம்ப்பைப் போட்டுவிட்டாள்.

"அமாவாசையும் அதுவுமா இன்னாத்துக்கு பிரபா?" என்றான் மணவாளன்.

"அவன் வாசிக்கற லட்சணத்தக் காட்றேன் இரு பாவா" என்று, திலீப்பைப் பழித்துக்காட்டுவதற்காகவே ஆறு கம்பியையும் சேர்த்து ஓங்கி அடித்தாள்.

கரகரத்தது. வால்யூமைக் குறைத்தாள். ஒலி சிறுத்ததே தவிர, கரகரப்பு அப்படியே இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கிதாரிலிருந்து வரும் சிக்னல் சின்னது. அதை முதல் கட்டத்தில் பெரிதாக்கியாக வேண்டும். அளவுக்கு மேல் பெரிதாக்கினால், உயரமானவன் நிலைவாசலில் இடித்துக்கொள்கிற மாதிரி ஒலியின் தலை வெட்டுப்படும். வால்யூம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வெட்டுப்பட்டதை அது ஒட்டவைக்காது. பெட்டியைச் செய்த நாளில் அவள் செல்போனில் சீரான ஒரு ஒலியை விட்டுத்தான் அளந்திருந்தாள். பிறகு கிதாரை மெதுவாக மீட்டி, தறிச் சத்தத்துக்கு மேலே காதில் விழுகிறவரை முதல் கட்டத்தை ஏற்றிக்கொண்டே போயிருந்தாள். கரகரப்பு அன்றைக்கே இருந்தது. தறிகள் அதை விழுங்கிவிட்டன.

திலீப்பின் மேல் இருந்த கோபம் முழுக்க இப்போது அவள் மேலேயே திரும்பியது. "இத்தக்கூட கேக்காம ஒரு காது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். முதல் கட்டத்தின் பெருக்கத்தைக் குறைத்து, குறைந்ததை அடுத்த கட்டத்தில் ஈடுகட்டினாள். கிதாரை மணவாளன் கையில் திணித்தாள். "பயப்படாம அடி பாவா. இன்னும் ஓங்கி." அவன் எவ்வளவு ஓங்கி அடித்தும் ஒலி வெட்டுப்படவில்லை.

ஒத்திகைக்குத் திருத்தணி போனபோது, தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிடுகிற முடிவோடுதான் போனாள். திலீப் துணி துவைக்கிற அடியாகவே அடித்தான். சுத்தமாக வந்தது.

கஜபதி முகம் மலர்ந்தார். "ஆங், இப்பதான் கம்பெனி ஆம்ப் மாதிரி கீது. யார்கிட்டம்மா குட்த்து சரி பண்ண? சென்னையா?"

பிரபாவதி ஆம்ப்பில் செருகியிருந்த கிதார் ஒயரின் ஜாக்கைப் பிடுங்கினாள்.

"கரகரன்னப்போ நான் செஞ்சதுன்னு ஊருக்கே சொன்னீங்க. நல்லா பாடனதும் வேற ஆளு வந்துட்டானா? தப்பு என்னுதுதான். அத்த கண்டுபிடிச்சதும் நான்தான், சரி பண்ணதும் நான்தான். மூணத்தையும் குரூப்புல போடுங்க. அப்பால இது மேடைக்கு வரும்."

கஜபதி சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கஜபதி செல்லை வாயருகே கொண்டுபோய், "அது வந்து, நம்ம மணவாளன் சம்சாரம்..." என்று ஆரம்பித்தார்.

"பேர் பொட்டி மேலயே கீது, பாத்துப் படிங்க" என்றாள். மெசேஜ் போய்ச் சேருகிறவரை ஜாக்கைக் கையிலேயே வைத்திருந்தாள்.