அக்கரையில் உட்கார்ந்திருப்பவர்

விஆர் என்கிற மெய்நிகர் விளையாட்டுக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேனர் அக்கா. கடைக்குள் கால் வைத்ததும் உச்சி முதல் பாதம்வரை ஒரு பார்வை பார்ப்பாள். வாயில் பபிள்கம் இருக்கிறதா, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறானா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். "என்ன சாப்பிட்ட? உண்மையைச் சொல்லு. உள்ள தலை சுத்தி வாந்தி எடுத்தா நீதான் துடைக்கணும்." பெற்ற மகளையே நம்பாதவள் ஊரார் பிள்ளையையா நம்புவாள்?

கடை என்றால் நீளவாக்கில் ஒரே அறை. நாலு ஹெட்செட், நாலு ரப்பர் பாய். ஹெட்செட் கண்ணை மறைத்திருக்கும்போது பாயைவிட்டு இறங்கினால் கால் சொல்லிவிடும். மூலையில் ஒரு வாளி, அது எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. புருஷன் ஆசை ஆசையாய்த் தொடங்கிய கடை. அவர் இறந்துபோன பிறகு, "வித்துட்டு என் வீட்டுக்கு வந்துடும்மா" என்று மகள் நச்சரிக்காத நாள் இல்லை. அக்கா அசைந்து கொடுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. மகள் காதில் விழுந்தால் மறுவாரமே கடைக்குப் பூட்டு, அம்மாவுக்கு டாக்டர்.

காரணம் ஒரு மீன்பிடி விளையாட்டு. சுட வேண்டியதில்லை, ஓட வேண்டியதில்லை என்பதால் பிள்ளைகள் அதைச் சீந்துவதே இல்லை. ஆற்றங்கரையில் தூண்டிலோடு சும்மா உட்கார வேண்டியதுதான். அக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்து மலையைப் பார்த்தபடி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை காதுக்குப் பின்னால் சொறிவான். அச்சு அசல் அவள் புருஷனேதான்! மதியம் கடை காலியாக இருக்கும்போது அக்கா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இக்கரையில் உட்கார்ந்துவிடுவாள். இன்றுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மரப்பாலம் உண்டு. அதன் பக்கம் அவள் போனதே இல்லை. போனால் முகம் தெரிந்துவிடும்.

இதை அவள் ஒரே ஒருவரிடம்தான் உளறியிருந்தாள். அதுவும் யாரிடம்? 'நோட்டம்' என்று அவளே பெயர் வைத்த ஆளிடம்! விளையாடாமல் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் திருடன் என்று நினைத்தாள். பிறகு, கடையை விலைபேச மகள் அனுப்பிய தரகர் என்று முடிவுகட்டினாள். ஒரு நாள் அடைமழையில் கரண்ட் போய், இரண்டு பேரும் இருட்டில் மாட்டிக்கொண்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அப்படி வாயைவிட்டாள். மறுநாள் ஒரு தடவை வந்தவர்தான், அப்புறம் ஆளையே காணோம்.

வருஷம் ஒன்று ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கையில் ஒரு நாவலோடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அம்மா, விஆர் பத்தி பசங்க படிக்கிற நாவலாம். கடைசியில நன்றி சொல்லி நம்ம கடைப் பேரைப் போட்டிருக்காங்க! இவரை உனக்குத் தெரியுமா?"

பின்னட்டைப் படத்தில் நோட்டம் சிரித்துக்கொண்டிருந்தார். இருட்டில் உளறியதை எழுதித் தொலைத்திருப்பாரோ?

"படிச்சிட்டியா?"

"எங்க? இப்பத்தான் வாங்கினேன்."

"குடு. நான் முதல்ல படிக்கிறேன்."

"நீயா? மளிகை பில்லைத் தவிர எதைம்மா படிச்சிருக்க?"

"அதைப் படிச்சுத்தான்டி உன்னை வளர்த்தேன்" என்று வெடுக்கென்று பிடுங்கித் தலையணைக்கு அடியில் செருகினாள்.

வரிவரியாக விரல்வைத்துப் படித்தாள், பாலில் ஈ தேடுவதுபோல. கதாநாயகன் ஹெட்செட்டை மூன்று நாள் கழற்றவே இல்லையாம். ஒன்றுக்கு எங்கே போனான்? யாருக்கும் தலை சுற்றவில்லை, ஒருத்தனும் சுவரில் முட்டிக்கொள்ளவில்லை. பதினாறு வயசுப் பையன், பேசுவதெல்லாம் மேடைப் பேச்சு. நடுவில் ஆறு என்ற சொல் வந்தபோது அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. பார்த்தால் நெருப்பு ஆறு! அதைப் பறந்து தாண்டி உலகத்தைக் காப்பாற்றிவிட்டான், தீர்ந்தது கதை. கடைக்காரருக்கு ஒரே வரி: 'தடித்த மீசைக்காரர் கல்லாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.'

அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சைத் திறந்து காட்டியவளுக்கு மீசையா முளைக்க வைத்தான் படுபாவி?

மகளும் படித்துவிட்டு, "செம மொக்கைம்மா. வாங்கினதே தண்டம்" என்றாள். "ஆமா" என்றாள் அக்கா. அவளுக்கு ஏனோ அழுகை வந்தது.

அடுத்த வாரம் நோட்டமே கையெழுத்துப் போட்ட பிரதியோடு வந்தார். மகள் தன் ஊருக்குத் திரும்பியிருந்தாள்.

"எப்படி இருந்துச்சுக்கா?"

"முகத்துக்கு நேரா சொல்றேன், நல்லாவே இல்ல. அதை விடுங்க. நான் சொன்ன விஷயத்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? அடுத்த புத்தகத்துக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல்ல எழுதினேன்க்கா. புத்தகத்திலேயே அந்த இடம்தான் உருப்படியா இருந்துச்சு. பதிப்பாளர் விடல. பையன் பாலத்தைத் தாண்டிப் போய் அந்த ஆளோட முகத்தைப் பார்க்கணும், இல்லன்னா அந்த ஆள் எதுக்குன்னு கேட்டார். நான் மொத்தமா எடுத்துட்டேன்."

அக்கா ஸ்கேனர் பார்வை பார்த்தாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"பாலம் இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தார். "மறுநாள் வந்தேன்ல. நீங்க வாந்தி எடுத்த பொண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நான் அந்த விளையாட்டைப் போட்டேன்."

"பாலத்தைத் தாண்டினீங்களா?"

"தாண்டினேன்."

"முகத்தைப் பார்த்தீங்க."

"பார்த்தேன்க்கா. அது…"

"வாயைத் திறந்தீங்கன்னா கொன்னுடுவேன்!" அக்கா விரலை நீட்டினாள். "என்கிட்ட இல்ல, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. புத்தகத்துல வந்துச்சுன்னு தெரிஞ்சா வீடு தேடி வருவேன்."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

"உங்க சத்தியத்தை யார் நம்பினா? கிளம்புங்க."

அவர் போன பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். ஹெட்செட்டை ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டிக்கொண்டு இக்கரையில் உட்கார்ந்தாள். அக்கரையில் இடது தோள் இறங்கியிருந்தது, கை காதுக்குப் பின்னால் போனது. எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் தான் பார்க்காத முகத்தை இன்னொருத்தன் பார்த்திருக்கிறான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் இங்கே வந்து ஒரு வார்த்தை பேசியறியாதவள், அக்கரைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"ஏங்க, அந்த ஆளு உங்ககிட்ட வந்து நின்னானாமே. என்னைப் பத்தி என்ன சொன்னான்?"