ஒரே மேசை, இரண்டு வைஃபை

இறந்துபோன அப்பாவின் படங்களெல்லாம் பழைய லேப்டாப்பில்தான் இருந்தன. அவற்றை வைஃபை வழியே புதியதற்கு மாற்றக் காலையிலிருந்து போராடினேன்.

ஒரே மேசையில் ஒட்டி வைத்தும் ஒன்றுக்கு மற்றது தெரியவில்லை. ரௌட்டரை நான்கு முறை அணைத்துப் போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பழசு இன்னும் எங்க வீட்டு வைஃபையிலதான் ஓடுது லா. ஒங்க வீட்டுக்கு லைன் வர்றதுக்கு முன்ன நாந்தானே பாஸ்வர்ட் குடுத்தேன்?"

உடனே பழையதை எங்கள் வைஃபைக்கு மாற்றினேன். படங்கள் வரத் தொடங்கின.

ஏழாவது வந்ததும் பழையதன் திரை இருண்டது. அதன்பின் எழவே இல்லை.

ஏழிலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாங்கள்தான் நிற்கிறோம். படமெடுத்தவர் அப்பா.

அவரை யாராவது படமெடுத்திருந்தால் அனுப்புங்கள். எந்த வீட்டு வைஃபையிலிருந்து அனுப்பினாலும் சரி.