ஹாங்சோவில் ஒரு ‘நீ’

சீனாவுக்குப் போய்வந்தவன் என்று குன்னூரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. மார்க்கெட்டில் பீன்ஸ் வாங்கப் போனால்கூட யாராவது பிடித்துக்கொள்வார்கள். ஏரி எப்படி, கோயில் எப்படி, பாம்பு தின்கிறார்களாமே என்று கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். சீனாவின் கிழக்கே செஜியாங் என்றொரு மாகாணம், அதன் தலைநகரம் ஹாங்சோ, ஊரை ஒட்டி ஒரு பெரிய ஏரி, ஏரிக்கு மூன்று பக்கமும் மலை, மலைச் சரிவில் தேயிலை என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஓடும். எதற்காகப் போனேன் என்பதை மட்டும் இந்த ஊரில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏரி பார்க்க நான் போகவில்லை. ஒற்றை எழுத்துச் சொல் ஒன்றுதான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது.

என் மகள் அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் தேயிலைச் செடியைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். தேயிலைக்கு நடுவிலேயே பிறந்தவள் தேயிலை படிக்கச் சீனாவுக்குப் போவானேன் என்று நான் முணுமுணுத்ததை அவளும் அவள் அம்மாவும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். உள்ளே வருகிற பெட்டியையும் வெளியே போகிற பெட்டியையும் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் நின்றது, சந்தேகம் நிற்கவில்லை.

தினமும் காலை ஆறரைக்கு மகள் போன் செய்வாள். அங்கே அப்போது ஒன்பது மணி. முதலில் அம்மாவும் பெண்ணும் சாப்பாட்டைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள். பிறகு போன் என் கைக்கு வரும். “அங்க மழையா, வெயிலா?” என்பேன். சொல்வாள். “படிப்பு எப்படி?” என்பேன். சொல்வாள். அதற்கு மேல் எனக்கும் அவளுக்கும் பேச்சு வராது. பாசம் இல்லாமல் இல்லை, வாய் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் பேசி முடித்து, “வெக்கறேனுங்ப்பா” என்று சொன்னவள் போனை அணைக்காமல் பைக்குள் போட்டுவிட்டாள். நானும் கண்ணாடி போட்டிருக்கவில்லை, எதைத் தொட்டு அணைப்பது என்று தடவிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது, படி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல். கரகரத்த, கட்டளை இடுகிற மாதிரியான குரல். “நீ” என்று ஆரம்பித்து ஏதோ ஒன்றைக் கேட்டு “மா” என்று முடித்தது. என் மகள் சிரித்தாள். பதிலுக்கு அவளும் “நீ” என்றாள். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் எங்களுக்கு “வாங்க”தான், பிச்சை கேட்டு வருகிறவரும் “இருங்க”தான். வேற்று ஆம்பிளை ஒருவனை எங்கள் வீட்டுப் பெண் “நீ” என்று கூப்பிடுகிறாள் என்றால், அவன் வேற்று ஆம்பிளை இல்லை என்று அர்த்தம். அவனோ அவளை “நீ” என்கிறான், “மா” என்கிறான். அதுவும் அந்த அதட்டல் குரலில். யாரோ ஒரு தமிழன் அவள் வீட்டில் இருக்கிறான், வயதில் மூத்தவன், அவளை உருட்டி மிரட்டி வைத்திருக்கிறான், எங்களுக்குத் தெரியாமல் தாலியே கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை என்று அரை நிமிடத்தில் முழுக் கதையையும் கட்டி முடித்துவிட்டேன்.

கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தால் கோபித்துக்கொண்டு பிறகு சமாதானம் ஆகியிருப்பேன். அந்தக் குரல்தான் என்னைத் தின்றது. அவள் சிரித்தது பயந்து சிரித்த சிரிப்போ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “மழையா, வெயிலா?” என்றே கேட்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, “மகளை ஒரு எட்டு பாத்துட்டு வரலாமா?” என்றதும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு வருடமாக அவள் கெஞ்சியும் நகராத மனிதன் நான். அந்த வாரமே எங்கள் தெருவில் எல்லோருக்கும் என் பாசம் தெரிந்துவிட்டது. எனக்குக் கூசியது.

கோவையிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கிருந்து ஹாங்சோவில் இறங்கினோம். அக்டோபர் முதல் வாரம், அவர்களுக்குத் தேசிய விடுமுறை. விமான நிலையத்திலிருந்து எல்லோரும் “நீஹாவ், நீஹாவ்” என்றார்கள். நம் வணக்கம் மாதிரி ஒரே சொல் என்று எடுத்துக்கொண்டேன். மகள் வீட்டு வாசலில் செருப்பு அலமாரி இருந்தது. என் கண் நேராக அங்கேதான் போனது. இரண்டு ஜோடி பெண்கள் செருப்பு, அடித்தட்டில் பெரிய ஆண் செருப்பு ஒன்று. மகள் குனிந்து அதை எடுத்து என் காலடியில் வைத்தாள். “வீட்டுக்குள்ள போடறதுங்ப்பா. உங்களுக்குத்தான், ஒம்பதாம் நம்பர்” என்றாள். போட்டுப் பார்த்தேன், அளவாக இருந்தது. அப்படியும் நான் விடவில்லை. குளியலறையில் ஷேவிங் சாமான் இருக்கிறதா என்று பார்த்தேன். இன்று இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அடுத்த மூன்று நாளும் ஊரைச் சுற்றினோம். ஏரியைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊட்டி ஏரி மனிதர் வெட்டியது, இதுவோ கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. நடுவே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீளமாக ஒரு மண்பாதை, அதில் ஆறு கல்பாலங்கள், இரண்டு பக்கமும் தொங்கும் வில்லோ மரங்கள். ஏரி தூர்ந்துபோய்க் கிடந்த காலத்தில் இங்கே அதிகாரியாக வந்தவர் ஒரு கவிஞராம். தூர் வாரிய சேற்றை எங்கே கொட்டுவது என்று யோசித்தவர், அதையே பாதையாகப் போட்டுவிட்டாராம். ஆயிரம் வருடம் ஆகப்போகிறது, ஜனங்கள் அதன்மேல் நடந்துகொண்டிருக்கிறார்கள். நம்மூரில் பிற்காலச் சோழர்கள் ஆண்ட நாளில் இது சீனத்தின் பாதிக்குத் தலைநகரமாக இருந்திருக்கிறது. வடக்கேயிருந்து வருகிற பெரிய கால்வாய் இங்கேதான் வந்து முடிகிறது. அதில் இன்றைக்கும் ஜல்லி ஏற்றிய படகுகள் போகின்றன. எங்கே திரும்பினாலும் மரமல்லி மாதிரி ஒரு வாசம். சின்ன மஞ்சள் பூ, அந்த மாதத்தில்தான் பூக்குமாம். என் மனைவி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள்.

ஏரிக்கரையில் ஒரு கோபுரம் இருக்கிறது. வெள்ளைப் பாம்பு ஒன்று பெண்ணாக மாறி ஒரு மருந்துக்கடைக்காரனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதாம். ரகசியம் வெளியே வந்ததும் ஒரு சாமியார் அவளைப் பிடித்து அந்தக் கோபுரத்தின் அடியில் அடைத்துவிட்டாராம். பழைய கோபுரம் இடிந்து, இப்போதிருப்பது புதிதாகக் கட்டியது, மேலே போக மின்படிக்கட்டே இருக்கிறது. அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டுதான் மகள் இந்தக் கதையைச் சொன்னாள். ரகசியம், கல்யாணம் என்ற சொற்கள் வந்ததும் எனக்கு வியர்த்தது. என்னைத் தயார்படுத்துகிறாள் என்றே நினைத்தேன். “அந்தச் சாமியாருக்கு என்ன வந்துதாம்?” என்றாள் மனைவி. நான் அந்தச் சாமியாரை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் தேயிலைக் கிராமத்துக்குக் கூட்டிப் போனாள். அவர்களுக்கு அறுவடைக் காலம் வசந்தம்தான், ஆனால் வருகிறவர்களுக்காக ஒருவர் சூடான இரும்புச் சட்டியில் வெறுங்கையால் இலையை அழுத்தி அழுத்தி வறுத்துக் காட்டினார். எங்கள் மலையில் கட்டபெட்டுப் பக்கத்து ஃபாக்டரிகளில் மெஷின் இலையை நசுக்கித் தூளாக்குவதைப் பார்த்த கண்ணுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. கண்ணாடி டம்ளரில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்கள். இலை நட்டுவைத்த மாதிரி நின்றது. “ஏனுங்க, பாலுக்குச் சொல்லலீங்களா?” என்று மனைவி காதோடு கேட்டாள். குடித்தேன். அவித்த பயறு வாசம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் மனநிலையில் நான் இல்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னத்துக்குங்ப்பா ஒரு மாதிரியா இருக்கறீங்க?” என்றாள். கால் வலி என்றேன்.

நாலாம் நாள் காலையில் ஒரு பழைய புத்தர் கோயிலுக்குக் கிளம்பினோம். மூவரும் படி இறங்கிக் கட்டடத்தின் வாசலுக்கு வந்தோம். நாங்கள் வந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த காவல் அறை அன்று திறந்திருந்தது. விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்த காவல்காரர் திரும்பியிருந்தார். எழுபது வயது இருக்கும். கையில் தேயிலை மிதக்கும் ஒரு கண்ணாடிப் புட்டி. என் மகளைக் கண்டதும் எழுந்து அதே கரகரத்த குரலில், அதே அதட்டலில் கேட்டார்.

“நீ ச்சு ல மா?”

என் மகள் சிரித்தாள். “ச்சு ல. நீ ன?” என்றாள்.

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். “என்ன கேட்டாரு?” என்றேன். என் குரல் எனக்கே வினோதமாக இருந்தது.

“சாப்ட்டியான்னு கேட்டாருங்ப்பா. சாப்ட்டேன், நீ சாப்ட்டியான்னு நானும் திருப்பிக் கேட்டேன். இங்க பாத்தவுடனே அதான் கேப்பாங்க, நம்மூராட்டவே” என்றாள். “சீனத்துலயும் நீன்னா நீதானுங்ப்பா. அதே சொல்லு, அதே அர்த்தம்.”

“அந்த மா?”

“அது கேள்விக்குப் போடறது. சாப்ட்டியாங்கறதுல வர்ற ‘ஆ’ மாதிரி.”

காவல்காரரின் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரலைக் கேட்ட நாளிலிருந்து சுமந்துகொண்டிருந்தது ஒரே நொடியில் இறங்கிவிட்டது. அவளை யாரும் மிரட்டவில்லை. யாரும் உருட்டவில்லை. ஒரு கிழவர் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எனக்கு மயக்கம் என்று நினைத்துக் கிழவர் பதறி வந்து, குனிந்து, என்னிடமும் அதையே கேட்டார். ஆனால் இந்த முறை “நின்” என்று ஆரம்பித்தார்.

“உங்களுக்கு ‘நின்’னுங்ப்பா” என்றாள் மகள். “மரியாதையாக் கேக்கறாரு. நம்ம நீங்க மாதிரி.”

எழுந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். காரணம் தெரியாமல் அவரும் கும்பிட்டார்.

கோயிலுக்கு எதிரே ஒரு சின்னக் குன்று இருக்கிறது. பாறை முழுக்கப் புத்தர்கள் செதுக்கியிருக்கிறார்கள். தொந்தியும் சிரிப்புமாக ஒருவர் எல்லோரையும்விடப் பெரிதாக உட்கார்ந்திருக்கிறார். சுற்றியுள்ள மலைகளின் கல் வேறு, இதன் கல் வேறு. இந்தியாவிலிருந்து வந்த ஒரு துறவி இதைப் பார்த்து, இது எங்கள் நாட்டு மலை, இங்கே பறந்து வந்துவிட்டது என்றாராம். ஜனங்கள் நம்பவில்லை. உள்ளே எங்கள் குரங்குகள் இருக்கும் பாருங்கள் என்று குகைக்குள் குரல் கொடுத்தாராம், குரங்குகள் வந்தனவாம். பறந்து வந்த மலை என்றே அதற்குப் பெயர். “குரங்கு இருந்துச்சுன்னா நம்ம குன்னூர் மலைதான்” என்று மனைவி அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, சிரிக்கும் புத்தரைக் கிட்டே போய்ப் பார்க்க நகர்ந்தாள்.

மகளும் நானும் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். மனம் லேசாக இருந்தது, அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன், குரல், செருப்பு, குளியலறை, பாம்புக் கதை, ஒன்றுவிடாமல். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“இதுக்குத்தான் வந்தீங்களாங்ப்பா?” என்றாள்.

தலையாட்டினேன். பிறகுதான் அவள், இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் காய்ச்சலாகக் கிடந்ததைச் சொன்னாள். எங்களிடம் மறைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் மருந்து வாங்கக் கீழே இறங்கியபோது அந்தக் கிழவர் வழக்கம்போலக் கேட்டாராம். அன்றைக்குத்தான் முதல்முறையாக இல்லை என்றாளாம். அவர் தன் அறையில் கஞ்சி வைத்து மேலே கொண்டுவந்து கொடுத்தாராம், நாலு நாள்.

“அம்மா தினமும் கேக்கறாங்க, அவரும் தினமும் கேக்கறாரு” என்றாள். “நீங்க மழையா, வெயிலான்னுதானுங்ப்பா கேப்பீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளே என் கையைப் பிடித்து எழுப்பினாள். கோயில் வாசலில் தாமரைத் தண்டுக்குள் அரிசி அடைத்து வேகவைத்து விற்றார்கள், மூன்று பேரும் நின்று தின்றோம். அதற்குப் பிறகு இருந்த ஐந்து நாளில் அதே ஏரியை மறுபடி ஒருதடவை சுற்றினேன். முதல் தடவை நான் எதையும் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஊருக்குக் கிளம்பும் அன்று என் மனைவி குன்னூர் டீத்தூளில் பால் ஊற்றி, சர்க்கரை தூக்கலாகப் போட்டு, காவல்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, பிள்ளை பேதி மருந்து குடிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, மரியாதைக்காக முழுவதையும் குடித்து முடித்தார்.

படிப்பு முடிந்து மகள் இப்போது கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். போன் அதே காலை ஆறரைக்குத்தான் வருகிறது. இப்போதெல்லாம் நான்தான் ஓடிப்போய் முதலில் எடுக்கிறேன். மனைவிக்கு அதில் கொஞ்சம் குறைதான்.

“நீ ச்சு ல மா?” என்கிறேன்.

“ச்சு ல” என்கிறாள். பிறகு கேட்கிறாள், “நின் ன?”