இடது இறக்கை கண்டெடுக்கப்பட்டது

ஆரணி வாழ் பெருமக்களுக்கும், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் முன்னாள் குடிமக்களுக்கும் ஆழ்ந்த பொறுப்புடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்...

இன்று காலை பதினொரு மணியளவில், எங்கள் வீட்டுப் பரணில், அம்மாவின் நேரடி மிரட்டலின் பேரில் நடைபெற்ற துப்புரவுப் பணியின்போது, தெர்மாகோல் இறக்கை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. நீளம் ஒன்றரை முழம். எலி கடித்த இடம் ஒன்று. உயிர்ச்சேதம் இல்லை.

அடியில் பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கையில் எடுத்ததுமே ஃபெவிகால் வாசனை. மூன்று வருடம் ஆகியும் போகவில்லை. கூடவே அந்த மோட்டார் சத்தமும் காதுக்குள் வந்துவிட்டது... வண்டு ஒன்றைத் தீப்பெட்டியில் அடைத்த மாதிரி.

நினைவிருக்கிறதா? முரளியின் சரக்கு விமானம்!

ரயிலே ஊருக்குள் வராத ஊரில் விமானம் விட்டவர்கள் நாங்கள். சாயப்பட்டறையில் இருந்து தறிக்காரர் வீட்டுக்குப் பட்டு நூல் கண்டுகளை வானத்திலேயே கொண்டுபோவது திட்டம். கண்டுபிடித்தவன் முரளி. பெயர் வைத்தவன் நான். 'பட்டுப் பருந்து'. விளம்பர வாசகமும் என்னுடையதே: 'பட்டுனு பறக்கும், பட்டுனு இறங்கும்.' பாதி பலித்தது.

நான் வெறும் பெயர் வைத்தவன் இல்லை. சரக்குப் பிரிவின் தலைமை அதிகாரி. எங்கள் வீடுதான் சாயப்பட்டறை. இரண்டு கண்டுகளை முரளி முன்கூட்டியே நூல் நிறுக்கும் தராசில் நிறுத்து, கோடு போட்ட நோட்டில் எழுதி, மஞ்சள் கயிறு கட்டி என்னிடம் ஒப்படைத்திருந்தான். விடுகிற அன்று கொண்டுவந்து ஏற்ற வேண்டியது என் பொறுப்பு.

வேடிக்கைதான் எங்களுக்கு. முரளிக்கு மட்டும் அது பரீட்சை.

அவன் அப்பா தறி போடுகிறவர். பையன் காமர்ஸ் எடுக்கட்டும் என்பது அவர் ஆசை. இவனோ கணக்கு குரூப், அப்புறம் விமானப் படிப்பு என்று நின்றான். கடைசியில் அவர் சொன்னார்:

"சரிடா, சும்மா பேஜார் பண்ணிகினு இருக்காத. உன் ஏரோப்ளேன் நூலை எடுத்துகினு போயி ஒழுங்கா தரையில இறங்கட்டும். நீ கேட்ட குரூப்ல சேத்து உடறேன். இல்லன்னா நான் சொல்றதப் படி."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஏரியின் வற்றிய பக்கம். ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குட்டை. நீங்கள் எல்லாம் இருந்தீர்கள். தினேஷ் முந்தின நாளே பீற்றிக்கொண்ட புது வெள்ளைச் சட்டையில் வந்து, மேலே தூசி படக்கூடாது என்று தள்ளி நின்றான். முரளியின் அப்பா கைகட்டி நின்றார்.

"கண்டு எங்கடா? ஜல்தி ஏத்து, வெளிச்சம் போது" என்றான் முரளி, பேட்டரியில் இருந்து தலையை எடுக்காமலே.

நான்தான் ஏற்றினேன். சரக்குப் பெட்டியின் மூடியை நான்தான் ஒட்டினேன். நான்தான் கையால் வீசிவிட்டேன்.

பறந்தது மக்களே! கொஞ்சம் முக்கியது, ஆனால் பறந்தது. ஒரு வட்டம். முரளியின் அப்பா கையை அவிழ்த்துவிட்டுக் கண்ணுக்கு மேல் குடை பிடித்தார். "டேய்... மெய்யாவே போதுடா" என்றார்.

இரண்டாவது வட்டத்தில் முரளி இறக்க ஆரம்பித்தான். அவன் நினைத்ததைவிட வேகமாகவே இறங்கியது. ரிமோட்டைத் திருகுகிறான், மூக்கு எழும்பவில்லை. "தூக்கு... தூக்குடா..." என்று விமானத்திடமே கெஞ்சினான். தரைக்கு வராமல் குட்டையின் விளிம்பில் மூக்கைக் குத்தி, வலது இறக்கை தூள்.

முதலில் பாய்ந்தவன் நான்! பேண்ட்டோடு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் விமானத்தைப் பிடித்து, மிச்சம் இருந்த இடது இறக்கையைக் காப்பாற்றியவன் நான். தண்ணீர் லேசாகச் சிவந்தது. "ஏரோப்ளேனுக்கு ரத்தம் வருதுடா!" என்று தினேஷ் கத்த, எல்லாரும் சிரித்தோம். அந்த வீரக்கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேன்டீனில், பஸ்ஸில், தேவிகாபுரம் கல்யாணத்தில்...

முரளி சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

"வெயிட்டு தப்பா போட்டுட்டனா? கண்டு நல்லா காஞ்சுதான இருந்திச்சு?"

"மொறமொறன்னு இருந்திச்சுடா."

"அப்போ என் கணக்குதான் தப்பு. எங்கன்னுதான் தெரில."

அவன் அப்பா தோளில் கை போட்டார். "உடு. வா, சாப்டலாம்." திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ.

முரளி காமர்ஸ் சேர்ந்தான். இப்போது பி.காம். நன்றாகவே படிக்கிறான். அப்போதெல்லாம் மேலே விமானச் சத்தம் கேட்டால் சைக்கிளை நடுரோட்டில் நிறுத்தி, பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்குவான். போன வாரம் டீக்கடையில் நிற்கிறோம், ஒன்று தாழ்வாகப் போனது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

இறக்கைக்கு அடியில் அவன் எழுதிய வரி இதுதான்:

'காய்ந்த நூல் மட்டும்.'

முரளி, நீ இந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாய். அதனால் இங்கேயே சொல்கிறேன்.

அன்று மத்தியானம் அந்த இரண்டு கண்டுகளையும் சாயத் தண்ணீரில் மறுபடி முக்கி எடுத்தவன் நான். பெட்டி இடுக்கு வழியாகச் சொட்டி, தினேஷின் வெள்ளைச் சட்டை மேல் ஆகாயத்தில் இருந்து சிவப்பு மழை பெய்ய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு சொட்டுகூட அவன் மேல் விழவில்லை. ஈரப் பட்டு எவ்வளவு கனக்கும் என்று சாயப்பட்டறைக்காரன் மகனுக்குத் தெரியாதா? தெரியும். சிரிப்பு வரப்போகிற அவசரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இன்னொன்று. விமானம் விழுந்தபோது சரக்குப் பெட்டி தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. மூடியைத் திறந்து கண்டைத் தொட்டிருந்தால் உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

நான் பாய்ந்து போய் விமானத்தைத் தூக்கவில்லைடா. தண்ணீருக்குள் அமுக்கினேன்.

உன் கணக்கு சரி. இறக்கையை எடுத்துக்கொண்டு நாளை வீட்டுக்கு வருகிறேன். உன் அப்பா இருக்கும்போதே வருகிறேன்.