வில்லியனூரில் நின்ற வண்டி

என் அம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால் போதும், நெல்லித்தோப்பைத் தாண்டுவதற்குள் குமட்ட ஆரம்பித்துவிடும். பஸ்ஸும் அதே கதைதான். அவரால் வாந்தி எடுக்காமல் போகக்கூடிய ஒரே வண்டி ரயில். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊருக்கு வாய்த்த ரயிலோ விழுப்புரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கே போவதானாலும் வேறு வண்டி மாற வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு விழுப்புரத்தில் ஆபீஸ் வேலை. சீசன் டிக்கெட் எடுத்து தினமும் அந்த மீட்டர் கேஜ் வண்டியில்தான் போய்வந்தேன். சைக்கிளில் கிளம்பினவன் முந்திவிடுவான் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். நான் சண்டைக்குப் போவேன். உள்ளுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

இந்த லட்சணத்தில், பிரான்சு ராணுவத்தில் இருந்த அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் அங்கே புதிதாக விட்டிருக்கும் வேக ரயிலைப் பற்றி எழுதுவான். மேசையில் வைத்த காப்பி தளும்பாதாம். இனிமேல் காரையும் விமானத்தையும் யாரும் சீண்டமாட்டார்களாம், எதிர்காலமே ரயிலுக்குத்தானாம். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வண்டியில் காப்பி டம்ளரைக் கையில் பிடித்தால் பாதி சட்டைக்குத்தான்.

ஒரு தடவை அவன் லீவு முடிந்து திரும்பும்போது அம்மா ஒன்று கேட்டார். எங்களிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை அவர்.

"ஒவ்வொரு வாட்டியும் வாசல்லயே நின்னுட்றேன். இந்தத் தடவ ஏரோப்ளேன் ஏறுற எடம் வரைக்கும் நானும் வரேண்டா."

அண்ணன் காருக்குச் சொல்லியிருந்தான். நான்தான் தடுத்தேன். காலை வண்டியில் விழுப்புரம், அங்கே மெட்ராஸ் வண்டி, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில், பிறகு மீனம்பாக்கம். தண்டவாளத்தை விட்டு இறங்காமலே அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். விழுப்புரத்தில் மாறுவதற்கு இருபது நிமிஷம் இருந்தது.

"கொரெஸ்போந்தான்ஸ் தவறிடாதே?" என்று கேட்டான் அண்ணன். ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"தெனம் போறவன் நான் சொல்றேன், கேளுண்ணா" என்றேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். யாராவது பிரான்சுக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும், அங்கே பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்தெல்லாம் பொட்டலம் வந்துவிடும். ஊறுகாய், அப்பளம், மிளகாய்த்தூள், தைத்த ரவிக்கை. மறுக்க முடியாது. நாளைக்கு நம் பொட்டலத்தை அவர்கள் வீட்டு ஆள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வில்லியனூரில் இருந்த அத்தை, பாரிசில் இருக்கும் மகளுக்குக் கருவாடு தருவதாகச் சொல்லியிருந்தார். வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எங்கேயாவது கிளம்பினால் அவர் முகத்தில் வரும் அந்தப் பயம் அன்றைக்கு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வில்லியனூரில் வண்டி நின்றது. அத்தையைக் காணோம். இறங்கிப் பார்த்தால், தூரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். கார்டு எனக்குத் தினசரிப் பழக்கம்.

"சார், கொஞ்சம் இருங்க சார். பிரான்சுக்குப் போற பொட்டலம்."

எங்கள் வண்டி யாருக்கு வேண்டுமானாலும் நிற்கும். பால் கேனோடு ஓடிவருபவருக்கு நின்றிருக்கிறது. எனக்கே எத்தனையோ நாள் நின்றிருக்கிறது. கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். அத்தை வந்தார், மூச்சு வாங்கினார், பொட்டலத்தைக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வறுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி போலீசைக் கூப்பிட்டுவிடுவாளாம். அண்ணன், அம்மா, கார்டு எல்லோரும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

அங்கே போன நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. விழுப்புரத்துக்கு வெளியே சிக்னல் விழாமல் வேறு நிறுத்திவிட்டார்கள். ஒருவழியாக உள்ளே நுழைந்தபோது மெட்ராஸ் வண்டியின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"நமக்காக நிக்க மாட்டாங்களா?" என்றார் அம்மா.

நான் ஓடிப்போய்க் கத்தினேன். இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறதே, அதற்கு மேலும் நிறுத்தி வைக்க இது என்ன மாட்டுவண்டியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் கோபம் இன்னும் ஏறியது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் விமானம் போய்விடும். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்டேஷன் வாசலில் ஒரு அம்பாசிடரைப் பிடித்தான். "நானும் வரேன்" என்று அம்மா ஏறி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தெருமுனைகூடத் தாண்டவில்லை. கதவைத் திறப்பதற்குள் புதுப்புடவையெல்லாம் வாந்தி. கருவாட்டை வைத்துக்கொண்டு காரில் ஏறினால் யாருக்குத்தான் குமட்டாது என்று டிரைவர் முணுமுணுத்தார். அம்மா தானாகவே இறங்கினார். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார்.

"நீ போப்பா. நேரமாவுது."

அண்ணன் அவர் கையை விடாமல் நின்றான். அவர்தான் விடுவித்துக்கொண்டார். கார் திரும்பி மறையும்வரை நடுரோட்டில் நின்று பார்த்தார்.

சாயங்கால வண்டியில் திரும்பினோம். அம்மாவின் மடியில் கருவாடு. எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"அவன் இந்நேரம் பறந்திருப்பான். நாம இன்னும் வளவனூரத் தாண்டல" என்றார் அம்மா. எனக்குத் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வந்துவந்து போனான். அம்மா பழையபடி வாசலோடு நின்றுகொண்டார். கூட வருகிறேன் என்று கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. கடிதங்களில் அந்த வேக ரயில் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் நான் படித்துக்காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டார்.

"அந்த ரயிலு யாருக்காவது நிக்குமான்னு கேட்டு எழுது."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எழுதினேன். பதில் வந்தது. யாருக்கும் நிற்காதாம். மந்திரியே ஓடிவந்தாலும் நேரமானால் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுமாம்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அப்ப அதுல ஏறியிருந்தா ஏரோப்ளேன் ஏறுற எடம் வரைக்கும் நான் போய்ச் சேந்திருப்பேன்" என்றார்.