முயல் தீவில் பிடித்த விமானத் தளம்

எங்கள் ஊர் முயல் தீவு பெயருக்குத்தான் தீவு. ரோடு போட்டு என்றைக்கோ ஊரோடு சேர்த்துவிட்டார்கள். காணும் பொங்கலுக்குத் தூத்துக்குடியில் பாதிப் பேர் சோறு கட்டிக்கொண்டு அங்கேதான் போவார்கள். எனக்குப் பத்து வயதான வருடம், கப்பலில் எஞ்சினியராக இருந்த சித்தப்பா அதை மறுபடியும் தீவாக்கினார்.

இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலில் குவாடல்கனால் என்ற தீவுக்காக ஜப்பானும் அமெரிக்காவும் ஆறு மாதம் அடித்துக்கொண்ட கதையை முந்தின நாளே சொல்லி, எங்களை இரண்டு அணியாகப் பிரித்தார். அத்தை பிள்ளைகள், மூத்தவனான அத்தான் தலைமையில், ஜப்பான். அவர்கள் முதலில் போய் மணலில் விமானத் தளம் கீற வேண்டும். என் தலைமையில் அமெரிக்கா. லோடு ஆட்டோவில் போய் இறங்கி அதைப் பிடித்து, பெரியவர்கள் வரும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

நான் பட்டியல் போட்டேன். சோறு, மீன் குழம்பு, தண்ணீர்க் குடம், பாய். ஏற்ற ஏற்ற டிக் அடித்தேன். இறக்குவதற்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று தோன்றவில்லை.

கத்திக்கொண்டே குதித்தோம். ஜப்பான் முட்செடிகளுக்குப் பின்னால் ஓடியது. தளம் எங்களுடையது! பெரியவர்களை அழைத்துவர ஆட்டோ திரும்பியது, எங்கள் சாப்பாட்டோடு. நடுவராக நின்ற சித்தப்பா அதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை.

மதியத்துக்குள் என் படை பசியில் சுருண்டுவிட்டது.

“ஏளா, எலுமிச்சஞ்சோறு இருக்கு. தளத்த விட்டுட்டு வா, ஒரு கை தாரேன்” என்று அத்தான் கூவினான்.

“ஒஞ்சோத்த நீயே தின்னு!” என்றேன், வயிறு கத்த.

பிறகு தங்கச்சியை அனுப்பி, “முள்ளு குத்திட்டு!” என்று அலறவைத்தேன். முள் எடுக்க ஜப்பான் மொத்தமும் ஓடியது. நான் அவர்களுடைய தூக்குவாளியோடு ஓடிவந்தேன். ஆறு பேர் சேர்ந்து அடிவரை வழித்தோம்.

சித்தப்பா மணலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். “அங்கனயும் இதேதாம்ளா! சாமான முழுசா இறக்குமுன்ன அமெரிக்காக்காரன் கப்பல் போயிட்டு. ஜப்பான்காரன் அரிசியப் புடிச்சுத்தான் இவங்க பொங்கித் தின்னாங்க.”

நாங்கள் ஆடித் தீர்த்தோம்.

ஆட்டோ வந்து குழம்பு இறங்கியதும், சித்தப்பா முதல் தட்டை அத்தானிடம் நீட்டினார்.

“ஜெயிச்சது நாங்கதான சித்தப்பா?”

“ஜெயிச்சது நீதாம்மா. பசிக்கது அவனுக்குல்லா.”

அத்தான் அணி சாப்பிட்டு எழும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். குவாடல்கனாலில் தோற்ற ஜப்பான்காரர்கள் குண்டு படாமலே, பட்டினியால், ஆயிரக்கணக்கில் செத்ததை அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்று எனக்குப் புரிந்ததெல்லாம், அக்கா பிள்ளைகள் என்றால் சித்தப்பாவுக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடத்தான் என்பது.